மொட்டைக் கூண்டு

"அண்ணி, கூண்டுல தொங்கினதெல்லாம் எங்க?"

தையல்காரி இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. புருஷனோடும் மகளோடும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் வீடு திரும்பினால், கீச்சுவின் கூண்டு மொட்டையாக நிற்கிறது.

"எடுத்துட்டேம்மா. அழுக்கா இருந்துச்சு," என்றாள் நாத்தனார், அடுப்பைப் பார்த்தபடியே.

அழுக்காம். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவளுக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் அழுக்கு.

கீச்சு, மகள் வளர்க்கிற நீல நிற லவ் பேர்ட். பறவைக்கென்று கடையில் விற்கிற விளையாட்டுச் சாமான் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அதனால் எல்லாவற்றையும் தையல்காரியே செய்தாள். வீட்டில் தலையணை உறை தைக்கிறவளுக்குச் சாமானுக்கா பஞ்சம்? நூல் தீர்ந்த அட்டை உருளையில் ஊஞ்சல். ஐஸ் குச்சியில் ஏணி. மிச்ச நூலையெல்லாம் சேர்த்துக் கட்டி, கலர் கலராகக் குஞ்சம். அந்தக் குஞ்சம் என்றால் கீச்சுவுக்கு உயிர். நாளெல்லாம் அலகால் அதைச் சீவிக்கொண்டே இருக்கும். பார்த்தால் இடுப்பு வலியே மறந்துபோகும் இவளுக்கு.

மகள் கூண்டுக்குள் கையை விட்டாள். எப்போதும் ஓடிவந்து விரலில் உட்காருகிற கீச்சு, மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

"அம்மா, கீச்சு என்கூட டூ விட்டுடுச்சு."

"உன்கூட இல்லடி. அதோட சாமானை எல்லாம் பிடுங்கிப் போட்டா அதுக்குக் கோபம் வராதா?"

நாத்தனார் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள்.

இரண்டே நாளில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் ஊஞ்சல் இருந்தது, ஏணி இருந்தது, குஞ்சங்களை மட்டும் காணோம். யாரோ ஒட்ட நறுக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. மறுபடி கட்டினாள். மறுநாள் மறுபடி மொட்டை.

"என்ன அண்ணி, எலி வேலையெல்லாம் பார்க்கறீங்க?"

"நூல் வேண்டாம்மா. கால்ல, கழுத்துல சுத்திக்கும்."

"ரெண்டு வருஷமா தொங்குது. இதுவரைக்கும் ஏதாவது ஆச்சா?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க. ஆச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"விடேன், அக்கா காரணம் இல்லாம எதையும் செய்யாது," என்றான் புருஷன், சாப்பிட்டுக்கொண்டே.

"ஆமா, உங்க அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியும். எனக்கு என்ன தெரியும்? புள்ளைக்காகப் பார்த்துப் பார்த்து செஞ்சா, நறுக்கிப் போடறாங்க. தனக்குன்னு ஒரு புள்ள இருந்திருந்தா, புள்ளையோட ஆசை என்னன்னு தெரிஞ்சிருக்கும்."

சொல்லியாகிவிட்டது. புருஷன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். நாத்தனார் மட்டும், "குழம்பு ஊத்தட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.

தன் புருஷன் செத்த பிறகு பத்து வருஷமாகத் தம்பி வீட்டோடு இருந்த நாத்தனார், அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரூம் கிடைச்சிருக்கு தம்பி. ஷிஃப்டுக்குப் போய் வர சௌகரியம்."

வாசலில் நின்று, "வரேம்மா," என்றாள். தையல்காரி தலையைத் தூக்கவில்லை. தைத்த தையலின் மேலேயே மறுபடி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு குஞ்சங்களை யாரும் நறுக்கவில்லை. ஆனாலும் கீச்சு கைக்கு வரவில்லை. "அத்தை எப்ப வருவாங்க?" என்று மகள் இரண்டு நாளைக்கு ஒருதரம் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து, தினை வாங்கப் பறவைக் கடைக்குப் போனாள். வழக்கமாக இது நாத்தனார் போகிற கடை. கையோடு ஒரு குஞ்சத்தையும் எடுத்துப் போயிருந்தாள். கடையில் வைத்து விற்பார்களா என்று கேட்க ஆசை. கூச்சத்தில், கடைக்காரர் தினையை நிறுத்து முடிக்கும் வரை கேட்க வாய் எழவில்லை.

"அண்ணே, இது நானே செஞ்சது. பறவைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

கடைக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா நூல் மட்டும் வேண்டாம்மா. போன மாசம் ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில துணி துவைக்கறவங்க, செத்த குருவியைத் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. இதே மாதிரி குஞ்சம். நூல் கழுத்துல இறுகிக் கிடந்துச்சு."

தையல்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்களாம். திரும்பி வர்றதுக்குள்ள அச்சு அசல் அதே நீலத்துல ஒண்ணு வேணும்னு நின்னாங்க. கடையில இருந்த அத்தனையையும் ஒவ்வொண்ணா செத்ததுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்துத்தான் எடுத்தாங்க. நடந்ததைச் சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"'தம்பி பொண்டாட்டி ஆசை ஆசையா கட்டினதுப்பா. தன் கையால கட்டினதுல மாட்டித்தான் செத்துச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. சாமானை எடுத்துட்டேன்னு என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறா'ன்னாங்க."

தினைப் பொட்டலத்தைக் கட்டி அவள் பக்கமாக நகர்த்தினார்.

"அப்படி ஒரு நாத்தனார் வாய்க்கறதுக்கு, அந்தப் பொண்ணு கொடுத்து வெச்சிருக்கணும், இல்லம்மா?"