துரைசானி வூட்டு நாய்

"பரீட்சைக்குப் பதினஞ்சே நாள்தான் கீது. இப்பப் போயி ஒரு காயிதத்தைத் தூக்கினு வந்துட்டியாமே?"

எத்திராஜ் போட்ட சத்தத்தில் ராயபுரம் கல்மண்டபத்துக் காக்காயெல்லாம் பறந்திருக்கும். அவன் பொண்டாட்டி பட்டம்மாள் அசரவில்லை.

"தாயம்மாக்கா பாவம்யா. மீன் வாங்குற துரைசானி வூட்லேர்ந்து வந்துதாம். உன்னை வுட்டா இந்தத் தெருவுல இங்கிலீஷ் யாருக்குத் தெரியும்? படிச்சிச் சொல்லு."

எத்திராஜுக்கு ஹார்பரில் மூட்டை எண்ணுகிற கூலி வேலை. ஸ்கூல் பைனலில் மற்றப் பாடமெல்லாம் தேறியாச்சு. இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. "இந்த 1931-ல நாப்பது மார்க் வாங்கிட்டு வா, குமாஸ்தா வேலை உனக்கு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று பெரிய கிளார்க் கறாராகச் சொல்லிவிட்டார்.

நோட்ஸ் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் ஒப்பிப்பான். அதனால் என்ன பிரயோஜனம்? முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் ஒரு வரி எழுத வராது. கடிதம் எழுதச் சொன்னால் 'டியர் சார்' என்பதோடு பேனா படுத்துக்கொள்ளும்.

தாயம்மா மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். எத்திராஜ் வேண்டாவெறுப்பாகக் காகிதத்தைப் பிரித்தான்.

"துரைசானி வூட்டு நாய் சரியா சாப்பிடலையாம்."

"ஐயையோ! என்னிலேர்ந்து?" தாயம்மா ஒரு விரலை மடக்கினாள்.

"திங்கக்கெழமைலேர்ந்து."

"ஏனாம்?"

"ஊட்டிலேர்ந்து வந்துச்சாம். இந்த வெயில் ஒத்துக்கலையாம்."

"யாரு பாத்துக்குறாங்களாம்?"

"பட்லரு."

"இப்ப இன்னா செய்யச் சொல்லுது துரைசானி?" நாலாவது விரலும் மடங்கியது.

"மாட்டு டாக்டரை இட்டாரச் சொல்லுது. அது சரி, இத்தெல்லாம் உனக்கு இன்னாத்துக்குக்கா எழுதுறாங்க?"

தாயம்மா திருதிருவென்று முழித்தாள். பட்டம்மாள் அடுப்படியிலிருந்து இருமினாள்.

"எம் மீனைத் தின்னு வளந்த நாயாச்சேப்பா! கவலை இருக்காதா? ஒரு பதில் எழுதிக் குடு. இங்கிலீஷ்லயே எழுது."

மறுநாள், ஹார்பரில் சரக்கு இறக்கும் விஞ்ச் ஓட்டுகிற தாமோதரன் வந்தான். அவன் கொண்டுவந்த காகிதத்தில் யாரோ பியானோ ரிப்பேர் பற்றி எழுதியிருந்தார்கள்.

"பியானோவா? உனக்கா?"

"கப்பல்லேர்ந்து எறக்கினது நானாச்சே மாமு" என்று தலையைச் சொறிந்தான். அவனும் நாலு கேள்வி கேட்டான். அவனுக்கும் ஒரு பதில் இங்கிலீஷில்.

அதற்கப்புறம் தினம் ஒருத்தர். விளக்கு வைத்தால் போதும், கையில் காகிதத்தோடு வாசலில் ஆள் நிற்கும்.

எத்திராஜின் சிநேகிதன் ராமதாஸ் ஏற்கெனவே பரீட்சை தேறி ஆபீஸில் உட்கார்ந்தவன். ஒரு நாள் வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, பட்டம்மாள் காதுபடவே சொன்னான்:

"உம் பொண்டாட்டி உன்னைத் தெருவுக்கே ஓசி ரைட்டர் ஆக்கிட்டாடா. புருஷன் முன்னுக்கு வரணும்னு நெனைக்கிறவ செய்யற வேலையா இது?"

எத்திராஜுக்குச் சுருக்கென்றது. பட்டம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மறுநாளும் காகிதத்தோடு ஆள் வந்தது.

"நான் தேறாட்டி உன்னாலதாமே!"

"சரிய்யா, என்னாலதான். மொதல்ல இத்தைப் படி."

பரீட்சை வந்தது. கேள்வித்தாளைப் பிரித்தான். முன்பின் பார்க்காத பத்திதான். ஏதோ தீவில் மாட்டிக்கொண்ட ஒரு மாலுமியின் கதை. படித்தான், புரிந்தது. என்ன ஆச்சரியம், பதிலும் வந்தது! யார், எப்போது, ஏன் என்று கேட்ட கேள்விகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தன. கடிதம் எழுதும்போது பேனா நிற்கவே மாட்டேனென்றது.

ஐம்பத்திரண்டு மார்க்!

எத்திராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஜிலேபிப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் குதித்து வந்தான்.

"பாத்தியாமே? இத்தினி பேஜாருக்கு நடுவுலயும் தேறிட்டேன்! வேற எவனா இருந்தாலும் மண்ணைக் கவ்வியிருப்பான்."

"நீ கெட்டிக்காரன்யா" என்று பட்டம்மாள் வாய்நிறையச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "தெருவுக்கெல்லாம் குடுத்துட்டு வா, போ" என்றாள்.

முதல் ஜிலேபி தாயம்மாவுக்கு. கொடுத்துவிட்டு, குமாஸ்தா ஆகப்போகிறவனின் தோரணையோடு கேட்டான்:

"ஏங்க்கா, அந்த நாய் இப்ப நல்லா சாப்பிடுதா?"

"எந்த நாய்?"

"துரைசானி வூட்டு நாய்க்கா!"

தாயம்மா ஜிலேபியை வாயில் வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"துரைசானியும் இல்ல, நாயும் இல்ல போப்பா! அத்தெல்லாம் உம் பொண்டாட்டி யானைக்கவுனி பழைய பேப்பர் கடைல பொறுக்கியாந்த காயிதம். அவளுக்கு எழுத்தா தெரியும்? இங்கிலீஷா கீதான்னு கடைக்காரனைக் கேட்டு, கைக்கு வந்ததை அள்ளியாந்து எங்க கையில குடுத்தா."

எத்திராஜ் திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தான்.

"இன்னா அப்படிப் பாக்குறே? நீ ஒருத்தன்தான் ராவும் பகலும் படிச்சேன்னு நெனைப்பா? அவ சொல்லிக் குடுத்த நாலு கேள்வில ஒண்ணு மறந்தாலும் வூட்டுக்குள்ள வுடமாட்டேன்னுட்டா ஒம் பட்டம்மா. இந்தத் தெருவே உக்காந்து மனப்பாடம் பண்ணுச்சுப்பா!"