முப்பத்தேழு புள்ளிகள்

சமூக ஆராய்ச்சியால் சமூகத்துக்கு என்ன பயன் என்ற மாபெரும் கேள்விக்கு, அன்று காலை பதினொன்றே கால் மணிக்கு, மூன்றாம் மாடிக் குளிர் அறையில் இறுதி விடை கிடைக்க இருந்தது. விடையைக் கேட்க வந்திருந்த ஐந்து அதிகாரிகளில் இருவர் பிஸ்கட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

விடை சொல்ல வேண்டியவர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். சரியாகச் சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் நிறுவனத்துக்குப் பூட்டு. பதினான்கு பேருக்கு வேலை போகும். பதினைந்தாவது ஆள் அவர். நிதிக்குழுத் தலைவரின் கையிலிருந்த சிவப்புப் பேனாவைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"போன தடவை வந்த இன்ஜினீயருங்க பாலத்தைக் காட்டினாங்க," என்றார் தலைவர். "நீங்க என்ன காட்டப் போறீங்க? மறுபடியும் புஸ்தகமா? போன புஸ்தகம் என் மேசைக் காலுக்கு அடியில இருக்கு. ஆட்டம் நின்னுடுச்சு. அதுவரைக்கும் பயன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார், அதுவும் வேலையில் சேர்த்திதான்.

திரையில் வரைபடம் விரிந்தது. ஏரிக்கரைக் குடியிருப்பு. நாலாயிரம் வீடுகள், நடுநடுவே சிவப்புப் புள்ளிகள்.

"இங்க தடுப்பூசிக்கு யார் கூப்பிட்டாலும் ஜனங்க வர்றதில்ல சார். இந்த முப்பத்தேழு பேர் சொன்னா வருவாங்க. பதவி கிடையாது, கட்சி கிடையாது. தையல்காரம்மா, சைக்கிள் கடைக்காரர், இந்த மாதிரி ஆளுங்க. ரெண்டு வருஷம் வீடு வீடா ஏறி இறங்கிக் கண்டுபிடிச்சோம்."

"நம்பற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்."

"போன வருஷம் குடியிருப்பைக் காலி பண்ண வைக்கறதுக்காகத் தெருவை அளக்க டேப்போட வந்தாங்க. தையல்காரம்மா மெஷினை நிறுத்திட்டு வாசலுக்கு வந்தாங்க, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துல தெருவே கூடிடுச்சு. வந்தவங்க டேப்பைக்கூடச் சுருட்டாம ஓடினாங்க."

பிஸ்கட்காரர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசி நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முன்னால் பெயர்ப்பலகை இல்லை. தேநீரை அவர் தொடவும் இல்லை.

"புள்ளி தெருவா, வீடா?" என்றார்.

"வீடு சார். வாசப்படி வரைக்கும் துல்லியம்." இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா ஒரு பேர்கூட வெளிய விடமாட்டோம். அது எங்க ஆராய்ச்சி தர்மம்."

"பேர் வேண்டாம். இவங்க ஊர்ல இல்லாதப்போ ஜனங்க யார் பேச்சைக் கேப்பாங்க?"

"யார் பேச்சையும் கேக்க மாட்டாங்க சார். அவங்கவங்க கதவைச் சாத்திக்குவாங்க. அதான் தடுப்பூசிக்கு இவங்க அவசியம்ங்கறோம்."

அவர் லேசாகத் தலையசைத்தார். தலைவர் சிவப்புப் பேனாவை மூடினார்.

வழக்கமாக ஆறு மாதம் ஊர்ந்து வரும் கடிதம் நாலே நாளில் பறந்து வந்தது. மூன்று ஆண்டுக்கு நிதி. வரைபடத்தை மட்டும் உடனே அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அனுப்பியாயிற்று. 'ஆய்வின் பயன் கண்கூடு' என்று கடைசியில் ஒரு வரி. இயக்குநர் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்.

பதினைந்து நாள் கழித்து அதைச் சுவரில் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் சுற்று ஆய்வுக்குப் போயிருந்த பெண் ஏரிக்கரையிலிருந்து போன் செய்தாள்.

"சார், இங்க டேப்போட வந்து அளந்துட்டிருக்காங்க."

"அப்போ தெருவே கூடியிருக்குமே. ஒரு போட்டோ எடும்மா, அடுத்த அறிக்கைக்கு ஆகும்."

"யாரும் வெளிய வரல சார். எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டிருக்காங்க."

இயக்குநர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏம்மா, தையல்காரம்மா எங்க?"



"நம்ம முப்பத்தேழு வீடும் பூட்டியிருக்கு சார்."