மயக்கத்தில் சொன்ன சம்மதம்

அப்பாவின் கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

இன்னும் அழுத்திக் கிள்ளினேன். நகம் பதிந்த தடம் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு கொசு கடித்தால் வீட்டையே கூட்டிவிடுகிற மனிதர், மூடிய கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார்.

நல்ல மயக்கம்தான்.

அன்று காலை அந்த வார்டில் இரண்டு பேருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. ஒருவர் என் அப்பா ஆம்ப்ரோஸ், மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடற்குழு மாஸ்டர். பக்கத்துக் கட்டிலில் மாசிலாமணி, கொட்டிவாக்கத்தில் கட்டுமரம் ஓட்டுகிறவர்.

மாசிலாமணியின் மயக்கம் சத்தமான மயக்கம். போர்வையை வலை என்று நினைத்து இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். நர்ஸை ஆத்தா என்று கூப்பிட்டார். பார்க்க வந்த பெரிய டாக்டரையே அதட்டினார்.

"டேய், கயித்த வுடாத. இஸ்துக்கினே இரு."

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசிலாமணியின் மனைவி தேசம்மாதான் வெட்கம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குளோரோஃபார்மில் பேசுவதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை, எழுந்தால் அவருக்கே ஞாபகம் இருக்காது என்று டாக்டர் அவளைத் தேற்றிவிட்டுப் போனார்.

இவ்வளவு கூத்துக்கும் அப்பா தலையணைகூட இல்லாமல் மல்லாந்து கிடந்தார். பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் முனகத் தொடங்கினார். முனகல் மெல்ல ஒரு மெட்டாக மாறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சினிமா மெட்டு. அதுவும் லூயிஸ் பிடில் வாசித்த பாட்டு.

லூயிஸ் எங்கள் பாடற்குழுவில் இருந்தவன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், அப்பாவை அம்போவென்று விட்டுவிட்டு சினிமாக் கம்பெனிக்குப் போய்விட்டான். அன்று முதல் அவன் பெயரை எங்கள் வீட்டில் எடுக்கக்கூடாது. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னிடமும் நேராகப் பேசுவதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "சாதம் போதுமான்னு உன் பொண்ணைக் கேளு" என்று அம்மாவிடம் சொல்வார்.

எனக்கோ நாள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து ஊரறியச் சொல்ல வேண்டும். இந்த ஞாயிறு தொடங்காவிட்டால் நடுவில் நாற்பது நாள் தபசுகால நோன்பு வந்துவிடும், பிறகு ஈஸ்டர் கழியும்வரை கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அதற்குள் லூயிஸின் அம்மா வேப்பேரியில் பெண் பார்த்து முடித்துவிடுவாள். அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை.

அப்பா மெட்டை நிறுத்தினார். அந்தப் படத்தின் இரண்டாவது பாட்டில் வருகிற பிடில் வேறு எவனுக்கும் வராது என்று முணுமுணுத்தார். சினிமாக் கொட்டகை இருக்கிற பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்.

இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று தோன்றியது. அவர் காதருகே குனிந்து, ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வாசிக்கச் சொல்லு. ஆனா ஈஸ்டர் பூசைக்கு அவன்தான் பிடில் வாசிக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். அடுத்த நொடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுந்தால் எதுவும் ஞாபகம் இருக்காது என்றாரே டாக்டர். ஒரு சாட்சியாவது வேண்டாமா? அம்மா லஸ் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற டிராம் ஏறிப் போயிருந்தாள்.

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஐவி நர்ஸிடம் ஓடினேன். அப்பா மயக்கம் தெளிவதற்குள் ஒரு நிமிஷம் வந்து, அவர் சொல்வதை நீங்களும் காதால் கேட்க வேண்டும் என்று கெஞ்சினேன்.

ஐவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு ஏதும்மா மயக்கம்?"

குளோரோஃபார்ம் மாசிலாமணிக்கு மட்டும்தானாம். அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஊசி. ஒரே ஆபரேஷனை ஒருவருக்கு மூக்கு வழியாகவும் ஒருவருக்கு முதுகு வழியாகவும் மருந்து கொடுத்துச் செய்து, யார் நன்றாகத் தேறுகிறார் என்று டாக்டர் பார்க்கிறாராம். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போயிருக்கும், மேலே எல்லாம் சுத்தமாகத் தெளிவு. தலையைத் தூக்கினால் தலைவலி வருமென்றுதான் தலையணையை எடுத்திருக்கிறார்கள். டாக்டர் கை வேலையாக இருந்தபோது சீட்டியடித்தாராம். சுருதி சேரவில்லை என்று அப்பா மேஜையில் படுத்தபடியே திருத்தினாராம்.

நான் கட்டிலுக்குத் திரும்பி வந்து கால்மாட்டில் நின்றேன். மாசிலாமணி பீங்கான் பேசினில் வாந்தி எடுத்து முடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடியபடி, போட்டது போட்டபடி கிடந்தார். கட்டைவிரலில் என் நகத்தடம் இன்னும் இருந்தது.

"கிளாடிஸ்" என்றார். அவர் வாயிலிருந்து என் பெயர் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "மருந்து இன்னும் தெளியலை. வேற ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடு."

அப்போது கட்டைவிரல் லேசாக அசைந்தது.

நான் போர்வையை இழுத்து அதை மூடிவிட்டேன்.