டார்கஸின் வழக்கு

ஓஹையோ ஆற்றின் வடகரை ஊர்; தென்கரையில் அடிமைமுறை உண்டு, இந்தக் கரையில் கிடையாது. நீதிமன்றத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் காற்று உள்ளே வரவில்லை. வெளியே நிற்கும் கூட்டத்தின் கூச்சல்தான் வருகிறது. நீதிபதி எலைஹு கிராடக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொள்கிறார். அவருடைய பதவிக்குச் சீக்கிரமே தேர்தல். ஓட்டுப் போடப்போகிறவர்கள்தாம் அங்கே, அடிமைகளைத் திருப்பிக் கொடு என்று கத்துகிறார்கள். எதிரே அடிமைப் பெண் டார்கஸ், மகளை மடியில் இறுக்கி உட்கார்ந்திருக்கிறாள். அவர்களைத் திரும்பக் கேட்டு தென்கரையிலிருந்து வந்திருக்கும் எஜமான் பர்செல், இடுப்புத் துப்பாக்கி தெரியும்படி கோட்டை ஒதுக்கிவிட்டுச் சாய்ந்திருக்கிறார். ஓடி வந்த அடிமையைத் திருப்பித் தந்தாக வேண்டும், அது சட்டம். எஜமானே அழைத்து வந்திருந்தால் இந்தக் கரையில் கால் வைத்ததுமே விடுதலை, அதுவும் சட்டம்.

"மிஸ்டர் பர்செல், இவ ஓடியா வந்தா?"

"என் வீட்லேர்ந்து ஓட எவளுக்குய்யா தைரியம் இருக்கு? பெட்டி தூக்க நாந்தான் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன்!"

பர்செலின் வக்கீல் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"அப்படின்னா இவளுக்கு விடுதலை." நீதிபதிக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்கிறது. பர்செலின் கை இடுப்புக்குப் போகிறது.

டார்கஸ் மெல்ல எழுகிறாள். "பொண்ணுக்கும்தானே, ஐயா?"

"பொண்ணுக்கும்தாம்மா."

வாசலை அடைத்து நிற்பவர்கள் யாரும் நகரவில்லை. கிராடக் மேடையை விட்டு இறங்குகிறார். தாயையும் மகளையும் முன்னே விட்டு, அவர்களை ஒட்டியே வாசலை நோக்கி நடக்கிறார். பர்செலின் கண்ணுக்கு இப்போது தெரிவது நீதிபதியின் முதுகு மட்டும்தான்.