மஞ்சள் கொடி

ஒத்தக்கடைப் பள்ளி ஆசிரியர் அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கோடுகோடாகக் கிடத்தியிருக்கிறது. எஸ்தர் டீச்சரின் கணவன் ஜோ போயிருக்கும் சரக்குக் கப்பலில் காய்ச்சல் பரவியதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவனிடமிருந்து பேச்சே இல்லை. கப்பல் ஆர்வலர்கள் படமெடுத்துப் போடும் இணையதளத்தில் இன்று அந்தக் கப்பல் நிற்கிறது, உச்சியில் மஞ்சள் கொடியோடு. “மஞ்சள்னா நோய்க் கப்பல்தானே டீச்சர்?” என்கிறாள் கூட வேலை பார்க்கும் ராதாமணி. எஸ்தர் அதே தளத்தில் கொடிகளுக்கான பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசிக்கிறாள்: “முன்பு கொள்ளைநோயின் அடையாளம். இப்போது, ‘கப்பலில் எல்லோரும் நலம், துறைமுகத்துக்குள் அனுமதியுங்கள்’ என்று பொருள்.” “அம்புட்டுப் பேரும் நல்லா இருக்காங்களாம்ல!” என்று ராதாமணி அவள் தோளை உலுக்குகிறாள். எஸ்தர் காலையிலிருந்து தொடாத டிபன் பாக்ஸைத் திறந்து, ஆறிப்போன எலுமிச்சைச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறாள்.