பதினான்கு நாள் மாத்திரை

“உள்ளங்கையைக் காட்டு தம்புசாமி,” என்றார் டிரசர் கந்தசாமி.

காட்டினான். ரப்பர் பால் கறைதான் இருந்தது. உடம்போ அனலாகக் கொதித்தது.

பெம்பான் பக்கத்துத் தோட்டத்தின் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர், கம்பவுண்டர் எல்லாம் கந்தசாமியேதான். குளிர் காய்ச்சலுக்கு அவர் தரும் மாத்திரையைப் பத்து நாள் தின்றால் தோலே மஞ்சளாகிவிடும். தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த மாத்திரை. தம்புசாமி பதினான்கு நாளாகத் தினமும் வாங்கிப் போகிறான். காய்ச்சல் விடாததால் காசநோயோ என்று பயந்து, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுகூட எழுதிவிட்டார். நல்லவேளை, கையெழுத்துப் போடுமுன் அவன் கையைப் பார்த்தார்.

மருந்து தோற்கவில்லை. உள்ளே போகவே இல்லை.

“மாத்திரையெல்லாம் எங்கப்பா போச்சு?”

தம்புசாமி தரையைப் பார்த்தான்.

அவசரகாலம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போனதாகத் தெரிந்தால் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். மேனேஜரிடம் சொன்னால் இவன் தொலைந்தான். சொல்லாவிட்டால் தானும் சேர்ந்து தொலைய வேண்டும்.

“என்கிட்ட சொல்லிடுலா. போலீஸ் வந்தா இப்படி நிதானமா கேக்க மாட்டான்.”



கஞ்சித் தூக்கோடு அவன் மனைவி இருசம்மாள் உள்ளே வந்தாள். போன மாதம்தான் கட்டிக்கொண்டு வந்தவள். முகம், கை, கால் எல்லாம் மஞ்சள். புருஷன் இப்படிக் கிடக்கும்போது இவளுக்கு மஞ்சள் குளியல் கேட்கிறதா என்று டிரசருக்கு எரிச்சல் வந்தது. போய்க் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. கை மஞ்சளாகவே இருந்தது. காமாலையோ என்று பதறி இமையை இழுத்துப் பார்த்தார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா,” என்றாள் இருசம்மாள். “பேரு பதியாட்டியும் எனக்குக் காய்ச்சல் வந்துடக் கூடாதுன்னு இவருகிட்ட தினமும் மாத்திர குடுத்து விடுறீங்களே, அத ஒரு நாளும் விடாம முழுங்கிடுறேன்.”

தம்புசாமி இன்னும் தலை நிமிரவில்லை.

கந்தசாமி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். காட்டுக்குப் போயிருக்குமோ என்று அவர் நடுங்கிய பதினான்கு நாள் மாத்திரையும், கஞ்சித் தூக்கோடு அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.