ஒன்பது விரல்கள்

இறால் பெட்டிகள் அடுக்கிய பேலட்டின் மூலையில் லேபிளை மடித்து ஒட்டியது ஜெபக்கனிதான். ஃபோர்க்லிஃப்ட் உரசியதில் பார்கோடு கிழிந்து, அதன் கீழிருந்த பதினெட்டு எண்களில் ஒன்று போய்விட்டது. சூப்பர்வைசர் கோமதிநாயகம் யூகத்தில் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டார். மூன்றாவதும் தப்பினால் கணினி பூட்டிக்கொள்ளும், பேலட் கப்பலேறாது.

"பிரிச்சிருவோம்மா. இனி நம்ம கையில இல்ல," என்றார்.

"பொறுங்க சார். கடைசி நம்பரு சும்மா போடுறதில்ல, முன்னால உள்ள பதினேழையும் வச்சுத்தான் வரும். பிரிண்டர் கெட்ட அன்னிக்கு நாந்தான கையால கணக்குப் போட்டேன்."

பேலட் இருந்த குளிர் அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது. முதல் எண்ணை மூன்றால் பெருக்கினாள், அடுத்ததை அப்படியே சேர்த்தாள், அதற்கடுத்ததை மறுபடி மூன்றால். கடைசி எண்ணையும் கூட்டினால் பூஜ்யத்தில் முடிய வேண்டும். நூற்றுப் பதிமூன்றில் நின்றது. போனது மூன்றால் பெருக்க வேண்டிய எண். அப்படியென்றால் நூற்று நாற்பதுக்கு இன்னும் இருபத்தேழு.

கதவின் தடித்த கண்ணாடிக்கு உள்ளிருந்து கத்தினால், வெளியே கணினி முன் இருந்தவருக்குக் கேட்காது. கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, விறைத்த விரல்களைக் கண்ணாடியில் பதித்தாள். ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கியிருந்தாள். கோமதிநாயகம் இரண்டு தடவை எண்ணினார். பிறகு அடித்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வந்து, பேலட்டைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து கண்டெய்னருக்குப் போனது. ஜெபக்கனி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினாள். இப்போதும் ஒன்பது விரல்கள்தான்.